வெம்பி விழும் பூசணிப் பிஞ்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூசணிப் பிஞ்சுகள் வெம்பி விழுவதாக வாசகி ஒருவர் கேட்டிருந்ததற்கு, வாரம் ஒருமுறை காலையில் பூச்சிமருந்து தெளிக்குமாறு தங்கள் இதழின் தோட்டப் பகுதியில் பதில் வந்திருந்தது. பல ஆண்டுகளாக வீட்டில் பூசணி வளர்த்துவரும் எனக்கு அந்தப் பதில் உடன்பாடாக இல்லை.

விழுந்த பிஞ்சை முதலில் நறுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே புழு எதுவும் இல்லாமல், பிஞ்சு வெறுமனே மஞ்சளித்துச் சுருங்கியிருந்தால், பெரும்பாலும் அது மகரந்தம் சேராமல் விழுந்ததாகவே இருக்கும். பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியானவை. விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும் அந்தச் சில மணி நேரத்தில் தேனீக்கள் வந்து போனால்தான் காய் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து மருந்தடித்தால் தேனீயும் போகும், காயும் போகும். தெளித்தே தீர வேண்டுமென்றால் பூக்கள் கூம்பிய பிறகு மாலையில் தெளிப்பதே முறை.

மாறாக, தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதன்மேல் பிசின் துளியும் தெரிந்து, உள்ளே கூழான சதையில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. நான் முதன்முதலில் அப்படியொரு பிஞ்சை நறுக்கியபோது, ஒரு புழு உடலை வளையமாக மடித்து, சுண்டிவிட்டாற்போல் துள்ளி ஒரு சாண் தள்ளி விழுந்தது. காய்க்குள் இருக்கும் அதை, மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் போன்ற மருந்து எட்டாது. அது மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவந்து அடுத்த பிஞ்சைத் தேடும். ஆகவே விழுந்தவற்றை அன்றன்றே பொறுக்கி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும், அல்லது இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு பருவம் முழுவதும் அவற்றை உரக்குழியில் கொட்டி, நானே ஈக்களை வளர்த்திருக்கிறேன். நாலைந்து கொடிகள் மட்டுமே உள்ள வீட்டில், மகரந்தம் சேர்ந்த பிஞ்சுகளுக்குக் காகித உறை மாட்டுவதும் பெரிய வேலையன்று. வாசனையால் ஈக்களை ஈர்த்துப் பிடிக்கும், கடையில் விற்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் ஈக்கள் மட்டுமே சிக்கும் என்பதால், அதை மட்டும் நம்பிப் பயனில்லை.

இளஞ்செடியின் இலைகளைக் கடித்துத் துளையிடும் சிவப்பு வண்டுகளை, அவை சுறுசுறுப்படையாத அதிகாலையில் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். ஆனால் புள்ளி வைத்த எல்லா வண்டையும் அப்படிப் பிடித்துப் போட்டுவிடக் கூடாது. முதுகு மங்கலாக, மெல்லிய ரோமத்துடன் இருப்பது இலையை நரம்பு தெரியச் சுரண்டித் தின்னும் வண்டு. பளபளவென்றிருக்கும் பொறிவண்டோ செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுவது.

‘காலையில்’ என்ற அந்த ஒரு சொல்லையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன். கேள்வி கேட்ட வாசகி இந்த வாரமே தெளிக்கத் தொடங்கியிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்