சர்வோ நடுங்கினால் மின் இணைப்பை முதலில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினியிலிருந்து சீரியல் (எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பு) வழியே எண்ணை அனுப்பி, சொன்ன கோணத்தில் போய் நிற்கும் சர்வோ மோட்டாரைத் திருப்பும் செய்முறையை மாணவர் பகுதியில் வெளியிட்டிருந்தீர்கள். நல்ல தேர்வு. ஆனால் அதிலிருந்த படத்தையும் நிரலையும் அப்படியே பின்பற்றுகிற மாணவர்கள், நல்ல மோட்டாரைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

படத்தில் சர்வோவின் சிவப்பு ஒயர், அதை இயக்கும் அர்டுயினோ ஊனோ போர்டின் 5 வோல்ட் முனையில் செருகப்பட்டிருக்கிறது. எஸ்ஜி90 வகை 9 கிராம் சர்வோ சும்மா நிற்கும்போது சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதும், சுமையில் சிக்கி நிற்கும்போதும் 600, 700 வரை இழுக்கும். சாதாரண யுஎஸ்பி போர்ட் தருவதோ 500. வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகிறது. நிரல் முதலிலிருந்து ஓடி மோட்டாரை 90 டிகிரிக்கு இழுக்கிறது, அந்த இழுப்பிலேயே மறுபடி ரீசெட். பார்ப்பவருக்கு மோட்டார் பேய் பிடித்தது போல ஆடும். நிரலில் எதை மாற்றினாலும் இது நிற்காது.

சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் கொடுங்கள். அடாப்டரின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இதை விட்டால் சிக்னல் ஒயரில் வரும் துடிப்பை எதோடு ஒப்பிடுவது என்று சர்வோவுக்குத் தெரியாது. சர்வோவின் அருகிலேயே 470 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றும் போடலாம். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும், கவனம்.

அடுத்தது நிரல். வருவதை ஒவ்வொரு எழுத்தாக 'ரீட்' செய்து, அப்படியே சர்வோவுக்குக் கொடுக்கிறது. சீரியல் மானிட்டரில் (போர்டுக்கு எழுத்துகளை அனுப்பும் கணினித் திரை) 90 என்று அடித்தால் போர்டுக்கு வருவது தொண்ணூறு அல்ல; '9', '0' என்ற இரண்டு எழுத்துகள். அவற்றின் ஆஸ்கி எண்கள், அதாவது கணினியில் அந்த எழுத்துகளைக் குறிக்கும் எண்கள், 57, 48. மோட்டார் 57 டிகிரிக்குக் கிளம்பி, போய்ச் சேரும் முன்பே 48க்குத் திரும்பும். பின்னால் வரி முடிவுக் குறியும் வந்தால் அதன் எண் 10. கடைசியில் 10 டிகிரியில் போய் நிற்கும்.

எழுத்துகளைச் சேர்த்து எண்ணாக்கித் தரும் 'பார்ஸ்இன்ட்' கட்டளையைப் பயன்படுத்தினால் சரியாகும் என்பார்கள். பாதிதான் சரி. 90க்குச் சரியாகப் போகும். ஆனால் மிச்சமிருக்கும் வரி முடிவுக் குறியைப் பார்த்து இன்னொரு எண் வருமென்று 1 விநாடி காத்திருந்து, வராததால் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். சர்வோவும் பூஜ்யத்துக்கு ஓடிவிடும். வரி முடிவுக் குறி வரும்வரை எழுத்துகளைச் சேர்த்து, அதன் பிறகு எண்ணாக மாற்றுவதே நம்பகமான வழி. 10க்குக் கீழோ 170க்கு மேலோ வந்தால் ஒதுக்கிவிடுங்கள். மலிவான சர்வோக்கள் பல, இரு கடைசியிலும் உள்ளே முட்டிக்கொண்டு உறுமும், சூடாகும்.

இரண்டு சிறு விஷயங்கள். பைத்தான் நிரலிலிருந்து சீரியல் போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ரீசெட் ஆகும் என்பதால், 2 விநாடி விட்டு அனுப்பாவிட்டால் முதல் கட்டளை காணாமல் போகும். புளூடூத்துக்காக, வேறு முனைகளை நிரல் மூலமே சீரியலாக்கும் 'சாஃப்ட்வேர்சீரியல்' சேர்த்தால், 9600 வேகத்தில் ஒரு எழுத்தை வாங்க ஏறக்குறைய 1 மில்லி விநாடி இன்டரப்ட்கள் (சர்வோவின் துடிப்பைச் சரியான நேரத்தில் முடிக்க, ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்புகள்) நிறுத்தப்படும். சர்வோவின் கோணத்தை முடிவு செய்யும் துடிப்பின் நீளமே 1 முதல் 2 மில்லி விநாடிதான். வெட்டி இழுக்காமல் என்ன செய்யும்? புளூடூத்தை போர்டின் சொந்த சீரியல் முனைகளான 0, 1-இல் மாட்டி, நிரல் ஏற்றும்போது மட்டும் கழற்றிவிடலாம்.

தனி அடாப்டரும் இணைந்த கிரவுண்டும் உள்ள திருத்திய படத்தை வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மின்னணுப் பயிற்றுநர்கள்