காவல் நிலையக் கேமரா யார் பொறுப்பில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். அங்கே கேமரா இருந்தது, பதிவுதான் இல்லை. அன்றன்றைக்கே அழியும்படி அமைத்திருந்ததாக மாஜிஸ்திரேட் அறிக்கை சொன்னது. இன்றும் என் மனம் ஆறவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. சரி, பராமரிப்பு யார் பொறுப்பு? அந்தந்த நிலையப் பொறுப்பு அதிகாரிதான். புகாருக்கு ஆளாகக்கூடியவரிடமே சாவி இருக்கலாமா? பதிவுகள் உடனுக்குடன் மாவட்ட நீதிமன்ற சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். பழுதான கேமராக்களின் பட்டியலையும் அரசு மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

- ஒரு வாசகர், திருநெல்வேலி