அக்கா, அந்த அழைப்பை நான் ஏன் எடுக்கவில்லை

அன்புள்ள அக்கா,

மே 4 வந்து போய்விட்டது. 2024இல் அதே நாளில், ஆஸ்திரேலியப் பெண்கள் கால்பந்து லீக்கான ஏ-லீக்கின் இறுதிப் போட்டியில், மெல்பர்ன் ஆமி பார்க்கில் மெல்பர்ன் சிட்டியை 1–0 என்று வென்று சிட்னி எஃப்.சி. ஐந்தாவது முறையாகச் சாம்பியன் ஆனதும், ஆட்டம் முடிந்த கையோடு அரங்கத்திலிருந்தே நீ என்னை அழைத்ததும், நான் எடுக்காமல் விட்டதும் உனக்கு நினைவிருக்கும். அதன் பிறகு நாம் பேசாமல் இருந்துவிடவில்லை. அம்மாவின் மருந்து, உன் வீட்டுக் கூரை ஒழுகல், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். கால்பந்தை மட்டும் பேசவில்லை. கால்பந்து இல்லாத நம் பேச்சு எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதை நீயும் கவனித்திருப்பாய்.

இதை உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் நம்மோடு ஆட்டம் பார்த்த தோழிகள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். உங்கள் அக்கா ஏன் இப்போதெல்லாம் கான்பராவுக்கு வருவதில்லை என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை. அம்மாவும் வாசிப்பார் என்பதால் சிலவற்றை எழுதாமல் விடுகிறேன். அவை எவை என்று உனக்குத் தெரியும்.

2023–24 சீசனின் கதையை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. பெண்கள் உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிரான அந்த முடிவில்லாத பெனால்டி வரிசையின் கடைசிப் பந்தை உன் சிட்னி அணியின் கோர்ட்னி வைன் வலைக்குள் செலுத்தியபோது, "எங்க டீம் பொண்ணு!" என்று நீ கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். மட்டில்டாஸ் என்ற நம் தேசிய அணியில் பெரும்பாலோர் ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருக்க, உள்ளூர் லீக்கில் ஆடும் ஒருத்தி நாட்டை அரையிறுதிக்குக் கொண்டுபோனாள் என்ற உன் பெருமிதம் முழுக்க நியாயமானது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 14 அன்று, அலையன்ஸ் மைதானத்தில் சிட்னியும் வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸும் மோதிய ஆட்டத்துக்கு 11,471 பேர் வந்தார்கள். 2008இல் 8 அணிகளும் 10 சுற்றுகளுமாகத் தொடங்கிய லீக், 12 அணிகளும் 22 சுற்றுகளுமாக, ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளையும் சொந்த ஊரில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் சந்திக்கும் முழு லீக்காக ஆனது அந்த ஆண்டில்தான். சீசன் முடிவில் மொத்தப் பார்வையாளர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆஸ்திரேலியாவில் வேறெந்தப் பெண்கள் விளையாட்டு லீக்கும் ஒரே சீசனில் அத்தனை பேரை மைதானத்துக்கு வரவழைத்ததில்லை.

அதே சீசனின் நடுவில், ஜனவரியில், லீக்கை நடத்தும் அமைப்பு தன் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தச் செய்தி உன் ஊரில் ஒரு நாள் பேச்சு. கான்பரா யுனைடெட் ஆடும் எங்கள் ஊரில் அது அடிவயிற்றில் தங்கிவிட்டது.

நான் எழுத வந்தது கான்பரா அணியின் மைதானமான மெக்கெல்லர் பார்க்கில் நாம் நின்ற அந்த மாலையைப் பற்றி. எதிரணி யார், யார் கோல் அடித்தார்கள் என்பதெல்லாம் இப்போது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல வீராங்கனைகள் வேலியோரமாக நடந்து வந்தார்கள். சிறுமிகள் சட்டைகளையும் பந்துகளையும் நீட்டி முண்டியடித்தார்கள். நீ வேலிமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி நின்றாய். நம் முன்னால் வந்து நின்றவளின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இடது முழங்காலில் ஐஸ் பையை வைத்து, சமையலறையில் மிச்சச் சோற்றை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றியிருந்தாள். கரைந்த நீர் தாளுக்குள் வழியாமல் சற்று நேரம் தேங்கி நின்று, பிறகு கோடாக இறங்கி, காலுறையைக் கணுக்கால்வரை கறுப்பாக்கியிருந்தது. கையெழுத்துப் போடக் கையை நீட்டியபோது, புறங்கையில் நீல மையில் "5.45" என்று எழுதியிருந்ததை முதலில் பார்த்தவள் நீதான். நாளைக்குக் காலைப் பயிற்சியா என்று கேட்டாய். இல்லை, வேலைக்குப் போக வேண்டிய நேரம் என்றாள். கூட வேலை செய்யும் ஒருத்தியோடு ஷிஃப்டை மாற்றிக்கொண்டதால், மறந்துவிடக் கூடாதென்று ஆட்டத்துக்கு முன்பே எழுதிக்கொண்டாளாம். வியர்வையில் ஒரு 5 பாதி அழிந்திருந்தது. அவள் குரலில் துளிக்கூடக் குறையில்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். நீ கைப்பையைத் துழாவி, ஊரிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தாய். அவளும் ஒரு சிறுமியின் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அங்கேயே நின்று ஒன்றைக் கடித்தாள். கார வாசனை பிடித்திருந்ததோ என்னவோ, பொட்டலத்தைத் திருப்பித் தரவில்லை. நீ சிரித்தாய். அந்த நிமிடத்தில் உன்மேல் எனக்கு இருந்த அன்பை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அந்த சீசனில் ஒரு வீராங்கனைக்குரிய குறைந்தபட்ச ஊதியம், 35 வார ஒப்பந்தத்துக்கு, 25,000 டாலர். 2017இல் வந்த முதல் கூட்டு ஒப்பந்தம் அதை 10,000 டாலர் என்று நிர்ணயித்தது. அதற்கு முன் குறைந்தபட்சம் என்ற ஒன்றே கிடையாது. அந்தத் தொகை உயர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வீராங்கனைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வேறு வேலையும் பார்த்துக்கொண்டே ஆடினார்கள். கான்பராவின் கதை மட்டுமில்லை இது. உன் நீலச் சட்டைக்காரிகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

அன்று இரவு உன்னோடு சிட்னிக்கு வரும் வழியில், லேக் ஜார்ஜ் ஏரியின் ஓரமாகப் போகும்போது நீ சொன்னாய்: "இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த ஊருக்கு ஒரு டீம் வேணுமாடி? மூடிட்டு, நல்லா ஆடுறவங்களை சிட்னியோ மெல்பர்னோ எடுத்துக்கிட்டா அவங்களுக்கும் நல்லதுதானே?" அதற்கடுத்து நீ சொன்ன வாக்கியத்தை இங்கே எழுதப்போவதில்லை. கோல்பர்ன் வரும்வரை நாம் பேசிக்கொள்ளவில்லை.

நீ அதை ஆணவத்தால் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். முறுக்கை நீட்டிய அதே இரக்கத்தில்தான் சொன்னாய். அதனால்தான் என்னால் சண்டை போடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சீசன் முடியும் தறுவாயில், அணியை நடத்திவந்த கேப்பிட்டல் ஃபுட்பால் இனிமேல் தன்னால் செலவைத் தாங்க இயலாது என்று அறிவித்தபோது, செய்தியைப் படித்த எனக்கு முதலில் கேட்டது உன் குரல்தான். பிரதேச அரசு கூடுதல் நிதி தந்து அடுத்த ஆண்டைக் காப்பாற்றியது. அதற்குள் இந்த ஊரில் எத்தனை பேர் கையெழுத்து வாங்கினார்கள், யார் யாருக்கு எழுதினார்கள் என்பதை நீ கேட்கவே இல்லை. நான்தான் சொல்லவில்லை என்பாய். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கான்பரா யுனைடெட், ஆண்கள் அணியின் நிழலில் பிறந்த அணி அன்று. 2008இன் முதல் சீசனிலிருந்து இடைவிடாமல் ஆடிவரும் இந்த அணிக்கு, இன்றுவரை இந்த ஊரில் ஏ-லீக் ஆண்கள் அணி என்ற ஒன்றே துணைக்கு இல்லை. 2023இல் ஆக்லாந்துக்கும் கான்பராவுக்கும் புதிய அணிகள் என்று அறிவித்தார்கள். ஆக்லாந்துக்கு முதலாளி கிடைத்தார், அணி வந்தது, கான்பராவுக்குக் கிடைக்கவில்லை. உன் அணியின் பெண்கள் ஒரு பெரிய கழகத்தின் கூரைக்குக் கீழே ஆடுகிறார்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கூரை உள்ள வீட்டில் இருந்துகொண்டு, கூரை இல்லாதவளிடம் மழையில் ஏன் நிற்கிறாய் என்று நீ கேட்டது இன்னமும் எனக்குக் கசக்கிறது. அப்படி நின்றவர்கள்தான் 2011–12 சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றார்கள். 2014இல் பெர்த்துக்கே போய், பெர்த் குளோரியை 3–1 என்று வீழ்த்தி மறுபடியும் வென்றார்கள்.

மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உன் ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் 2009 சீசனோடு பெண்கள் அணியைக் கைவிட்டது. அது திரும்பி வந்தது 2023இல். நடுவில் 14 ஆண்டுகள். 2009இல் காஸ்ஃபர்டில் பந்தை உதைத்துக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமிக்கு, தன் ஊர் அணி திரும்பியபோது 24 வயது. அந்த 14 ஆண்டுகளில் ஆடுவதையே விட்டுவிட்ட பெண்களை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்? திரும்பி வந்த முதல் சீசனிலேயே மரைனர்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றதைப் பார்த்து நீ வியந்தாய். எனக்கு வந்தது கோபம். அத்தனை திறமையும் அத்தனை காலமும் அங்கேயே எங்கோ இருந்திருக்கிறதே! நல்லவர்களைச் சிட்னி எடுத்துக்கொள்ளலாம் என்பது 20 வயதில் ஏற்கெனவே நல்லவளாகிவிட்டவளுக்குப் பொருந்தும். வேலியோரம் சட்டையை நீட்டிக்கொண்டு நின்ற சிறுமியை மூன்று மணி நேரப் பயணத்துக்கு யார் அழைத்துப் போவார்கள்?

மிஷேல் ஹேமனைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். 2019இல் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகியவர், 35 வயதில், கான்பரா சட்டையில் கோல் அடித்து அடித்தே மட்டில்டாஸுக்குள் மீண்டும் நுழைந்தார். 2024 பிப்ரவரியில் உஸ்பெகிஸ்தானை 10–0 என்று வென்ற ஆட்டத்தில் நான்கு கோல்கள் அவருடையவை. அதே சீசனில் இந்த லீக்கின் வரலாற்றில் 100 கோல்களைத் தொட்ட முதல் வீராங்கனையும் ஆனார். அந்த இரவு உன்னை அழைக்கக் கைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். எனக்கு ஆஃப்சைடு கற்றுக்கொடுத்தவள் நீ. சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் தடுப்பாட்டக்காரர்களாக நிறுத்தி, மிளகாயை முன்னால் நகர்த்தி, "இப்போ பந்து வந்தா?" என்று நீ கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொன்ன நாளில், பரீட்சையில் தேறியதுபோல என்னைக் கட்டிக்கொண்டாய். இந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம் உன்னிடமிருந்து வந்தது. 100ஆவது கோலை உன்னிடம் சொல்லாமல் இருந்தது எனக்குத்தான் நஷ்டம்.

இறுதிப் போட்டிக்கு எனக்கும் சேர்த்து நீ டிக்கெட் எடுத்திருந்தாய். வரமுடியாது என்று கடைசி நாளில் சொன்னேன். உடம்பு சரியில்லை என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று உனக்குத் தெரியும், இப்போது மற்றவர்களுக்கும் தெரியட்டும். இரண்டாம் பாதியில் ஷே கானர்ஸ் அடித்த கோலையும், ஜேடா வைமன் கோல்கம்பத்தைக் காத்து நின்றதையும் தொலைக்காட்சியில் தனியாகப் பார்த்தேன். சிட்னி அன்று வெல்லத் தகுதியான அணிதான். அதை நீ அழைத்தபோதே சொல்லியிருக்க வேண்டும். உன் பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அன்று நான் வந்திருந்தால் உன்னோடு சேர்ந்து கைதட்டியிருப்பேன், எங்கள் அணிக்கு அடுத்த ஆண்டு உண்டா இல்லையா என்ற கவலையை மறைத்துக்கொண்டு சிரித்திருப்பேன், நீயும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியிருப்பாய். அப்படி ஒரு பொய்யை உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியில் சொன்ன பொய் சிறியது என்று அப்போது நினைத்தேன்.

நீ உன் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளத்தான் அழைத்தாய். அதை வேறெப்படியும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும், அக்கா, அந்த ஓர் ஆண்டில் எங்கள் அணி பிழைக்குமா என்று கேட்பதற்காக ஒருமுறையாவது அழைத்திருக்கலாம்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆண்டுதோறும் என் பெயரில் நீ எடுத்துக்கொடுக்கும் சிட்னி உறுப்பினர் அட்டையை இந்த முறை எடுக்க வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, இத்தனை ஆண்டும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டேன். இந்த ஆண்டு என் பணமும் என் பெயரும் கான்பராவின் பட்டியலில் மட்டும் இருக்க வேண்டும். அரசின் கதவைத் தட்டும்போது இந்த அணி கையில் எடுத்துப்போவது உறுப்பினர் எண்ணிக்கையைத்தான். அதில் ஒன்று நானாக இருக்கிறேன். உன்னையும் சேரச் சொல்லிக் கேட்கமாட்டேன். நீயாகச் சேர்ந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

அட்டவணை வந்ததும் சிட்னி இங்கே வந்து ஆடும் நாளை உனக்கு அனுப்புகிறேன். நீலச் சட்டையோடே வா. லேக் ஜார்ஜில் நீ சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்தை நீ இன்னும் நம்புகிறாயா என்று அன்று உன்னிடம் நேரில் கேட்பேன். பதிலை யோசித்துக்கொண்டு வா.

உன் தங்கை