பிரவுன் பாணில் தவிடு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் வெள்ளைப் பாணைக் குறைக்கச் சொன்னதால், ஹட்டன் டவுனுக்குப் போகும்போதெல்லாம் பிரவுன் பாண் வாங்கி வருகிறேன். எங்கள் தோட்டத்துக் கடையில் அது கிடைப்பதில்லை, விலையும் கூட. சரி, உடம்புக்கு நல்லதென்றால் கொடுக்கலாம். ஆனால் உறையில் என்ன மா என்றே போடவில்லை. கோதுமையின் நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டில்தான் இருக்கிறது. வெள்ளை மாவில் கேரமல் நிறம் கலந்தாலும் பாண் பழுப்பாகத்தான் வரும். வாங்குகிறவர் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டுமென்று 2024இல் வர்த்தமானி வந்தது. அதேபோல, முழுக் கோதுமை மா எத்தனை சதவீதம் என்பதையும் உறையில் கட்டாயம் அச்சிட வைக்க வேண்டும். இப்போதைக்கு அம்மாவுக்குக் குரக்கன் ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் கொடுக்கிறேன்.

வாசகி ஒருத்தி,
ஹட்டன்