மெல்போர்ன் நண்பனுக்கு: குயின்ஸ்லாந்தில் வீடு விற்கும் முன் ஃபார்ம் 2

பிரிஸ்பேன்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு இங்கேயே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். லோகனில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டை விற்றுவிட்டு, ஆற்றங்கரைப் பக்கம் குடியிருக்க ஒரு வீடு பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கடைசியில், "அங்கே பத்திரம் காட்டுவதெல்லாம் நம்ம செக்‌ஷன் 32 மாதிரிதானே?" என்று கேட்டிருக்கிறாய். விக்டோரியாவில் விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்கும் அந்த விவர அறிக்கைக்கு இது பாதிதான் மாதிரி. மீதிப் பாதியில் விற்பவனும் மாட்டிக்கொள்ளலாம், வாங்குபவனும் ஏமாறலாம். உனக்கு இரண்டு வேடமும் இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

குயின்ஸ்லாந்தின் சொத்துச் சட்டம் 2023, 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றிவிட்டு 2025 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை இங்கே வாங்குபவன்தான் தேடித் துருவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடி வீடு, நீச்சல் குளம் என்று சில விஷயங்களுக்கு மட்டும் தனித்தனி அறிவிப்புகள் இருந்தன. இப்போது வீட்டைப் பற்றிய விவரங்களை விற்பவர் எழுதிக் கையெழுத்திட்ட ஃபார்ம் 2 என்னும் படிவத்தையும் அதற்குரிய இணைப்புகளையும் வாங்குபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். மறுநாள் கொடுத்தாலும் சரி, ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் சரி, கொடுக்காததற்குச் சமம். அதனால் மின்னஞ்சல் போன நேரத்தையும், பெற்றுக்கொண்டதாக வாங்குபவர் கையெழுத்திட்ட பக்கத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்.

தவறினால் என்ன ஆகும் என்பதில் இரண்டு படி இருக்கிறது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். ஃபார்ம் 2-ஐயே கொடுக்கவில்லை, அல்லது சேர்க்க வேண்டிய சான்று ஒன்று விட்டுப்போனது என்றால், செட்டில்மென்ட் (பணம் கொடுத்து வீடு கைமாறும் நாள்) வரை எந்த நாளிலும் வாங்குபவர் ஒப்பந்தத்தை முறித்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விட்டுப்போனதால் தனக்கு என்ன நஷ்டம் என்று அவர் காட்ட வேண்டியதே இல்லை. எல்லாம் கொடுத்து, அதில் ஒரு தகவல் தப்பு என்றால் மட்டும்தான் கேள்விகள் எழும்: அது முக்கியமான விஷயமா, கையெழுத்திடும்போது உண்மை நிலை அவருக்குத் தெரியாதா, தெரிந்திருந்தால் கையெழுத்திட்டிருக்க மாட்டாரா? ஆக, ரேட்ஸ் என்னும் கவுன்சில் (உள்ளாட்சி) வரித் தொகையில் நாற்பது டாலர் பிசகுவதைவிட, ஒரு பக்க நில அளவை வரைபடத்தை இணைக்க மறப்பது உனக்குப் பெரிய ஆபத்து. ஆறாவது வாரத்தில் அவருக்கு வேறு வீடு பிடித்துப்போனால், அந்த ஒரு பக்கமே அவர் வெளியேறும் வாசல். பெரிய பொய் சொல்லி மாட்டுவதைவிட இப்படிச் சின்ன விடுபடலில் மாட்டுவதுதான் எளிது.

ஃபார்ம் 2-இல் ஆறு பகுதிகள். டைட்டில் சர்ச்சும் (நில உரிமைப் பதிவேட்டின் நகல்) பதிவான நில அளவை வரைபடமும் எல்லோருக்கும் கட்டாயம். மற்ற இணைப்புகள் வீட்டைப் பொறுத்தவை.

இரண்டாம் பகுதியில் வில்லங்கம் கேட்பார்கள். அடமானம், ஈஸ்மென்ட் (உன் நிலத்தைப் பிறர் பயன்படுத்தும் உரிமை) போன்ற பதிவான வில்லங்கங்கள் டைட்டில் சர்ச்சிலேயே வந்துவிடும். சட்டத்தால் வரும் வில்லங்கம்தான் கண்ணில் படாது. கழிவுநீர்க் குழாய் உன் மனைக்கு அடியில் ஓடினால், அது டைட்டிலிலோ அளவை வரைபடத்திலோ இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்தக் குழாயை அங்கே வைத்திருக்கவும், தோண்டிப் பழுது பார்க்கவும் நிறுவனத்துக்குச் சட்டம் உரிமை தருகிறது. அதைப் படிவத்தில் எழுத வேண்டும். வழி சுலபம்தான்: 'பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியா' தளத்தில் முகவரியைக் கொடுத்தால், தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாவற்றின் வரைபடங்களும் இலவசமாக மின்னஞ்சலில் வந்துவிடும். கழிவுநீர் வரைபடத்தைத் திறந்து உன் மனையின் எல்லைக்கோட்டைக் கண்டுபிடி. கோடு ஒன்று பக்கத்து மனையிலிருந்து உன் பின்கட்டு வழியாகப் போய் மேன்ஹோல் வட்டத்தில் முடிந்து, மேலே 150 என்று எழுதியிருந்தால், அது 150 மில்லிமீட்டர் பொதுக் குழாய். உன் வீட்டுக்கு மட்டும் வரும் கிளைக் குழாய் வேறு. 'ஆம்' என்று குறித்து, விவரத்தை எழுதி, வரைபடத்தையும் கூடவே வை.

அதே பகுதியில் வாடகைக் கேள்வி உண்டு. கடந்த 12 மாதத்தில் குடியிருப்பு ஒப்பந்தம் இருந்திருந்தால், கடைசியாக வாடகை உயர்ந்த தேதியைக் கேட்பார்கள். உயர்வுக்கான 12 மாதக் கட்டுப்பாடு வீட்டோடு ஒட்டியது. குடியிருப்பவர் மாறினாலும் உரிமையாளர் மாறினாலும் கணக்கு புதிதாகத் தொடங்காது. வாடகைக்கு விட நினைத்து வாங்குபவருக்கு அந்தத் தேதி பணம். ஞாபகத்திலிருந்து எழுதாதே, ஏஜென்ட்டிடம் உயர்வுக் கடிதத்தை வாங்கிப் பார்த்து எழுது.

மூன்றாம் பகுதியில் கவுன்சில் திட்டப்படி மனை எந்த மண்டலத்தில் வருகிறது என்று எழுத வேண்டும். அதோடு, அரசாங்கம் உனக்கு அனுப்பிய அறிவிப்புகள்: நிலம் கையகப்படுத்தும் நோட்டீஸ், போக்குவரத்துத் திட்ட நோட்டீஸ், மாசு நோட்டீஸ், பாரம்பரியச் சின்னம், அண்டை வீட்டு மரத்தகராறில் வந்த உத்தரவு. குராபியிலிருந்து பீன்லீ வரை ரயில் பாதையை இரண்டிலிருந்து நான்காக்கும் வேலை உன் வீட்டுப் பக்கமாகத்தான் போகிறது. அதனால் உன் மெல்போர்ன் முகவரிக்கு வந்து பிரிக்காமல் கிடக்கும் அரசாங்கக் கவர்களை முதலில் பிரித்துப் பார்.

நான்காம் பகுதி கட்டடம். உன் வீட்டில் நீச்சல் குளம் இருப்பதால் பாதுகாப்புச் சான்றின் தேதியைப் பார். தனி வீட்டுக் குளத்துக்கு அது 2 ஆண்டுதான் செல்லும். காலாவதியாகி இருந்தால் புதுப்பி, அல்லது சான்று இல்லை என்னும் ஃபார்ம் 36-ஐ இணை. இணைத்தால், வாங்குபவர் செட்டில்மென்ட் முடிந்து 90 நாளுக்குள் தானே சான்று வாங்க வேண்டும், அதை வைத்து விலை குறைக்கக் கேட்பார். உரிமையாளரே பில்டராக நின்று அனுமதி வாங்கிச் செய்த வேலை முடிந்து 6 ஆண்டு ஆகவில்லை என்றால் அதற்கும் தனி நோட்டீஸ் உண்டு.

ஐந்தாவது ரேட்ஸும் தண்ணீர்க் கட்டணமும். கவுன்சில் பில் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஃபார்ம் 2 கைமாறும் நாளில் சரியாக இருக்க வேண்டும். ஜூனில் தயாரித்ததை ஆகஸ்டில் கொடுத்தால் நடுவில் புது பில் வந்திருக்கும். ஒவ்வொரு புது ஆளுக்குக் கொடுக்கும் முன்பும் பில்லையும் டைட்டில் சர்ச்சையும் ஒருதரம் பார்த்துக்கொள். ஆறாவது அடுக்குமாடிக்காரர்களுக்கு, உனக்கு வேண்டாம்.

வீடு உன் பேரிலும் விஜி பேரிலும் இருப்பதால் இருவரும் கையெழுத்திட வேண்டும். மின்னணுக் கையெழுத்து போதும். மெல்போர்னில் கன்வேயன்சரிடம் (சொத்தைக் கைமாற்றும் வேலைக்கு உரிமம் பெற்றவர்) கொடுத்துவிடுவாய். இங்கே அந்த உரிமம் கிடையாது, வக்கீல்தான். விளம்பரம் போடும் முன்பே அவரிடம் கொடுத்துவிடு, வாங்க ஆள் வந்த பிறகு ஓடினால் அவசரத்தில் ஏதாவது விட்டுப்போகும்.

இனி நீ வாங்கும் கதை. இங்கேதான் எனக்கு உன்மேல் கவலை. ஃபார்ம் 2-இன் தொடக்கத்திலேயே, இதில் என்னென்ன இல்லை என்று அச்சடித்திருக்கிறார்கள்: வெள்ள வரலாறு, கட்டடத்தின் உறுதி, பூச்சி அரிப்பு, ஆஸ்பெஸ்டாஸ், கட்டட அனுமதிகள், இணைப்பில் உள்ள சேவைகள். விக்டோரியாவில் கடந்த 7 ஆண்டின் கட்டட அனுமதிகளும், இணைப்பு இல்லாத சேவைகளும் செக்‌ஷன் 32-இல் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இங்கே காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்து நிம்மதியாகிவிடாதே. கீழ்த்தளத்தை அடைத்துக் கட்டிய அறைக்கு அனுமதி உண்டா என்று கவுன்சில் பதிவேட்டில் நீதான் தேட வேண்டும். மண்டலத்தின் பெயர் படிவத்தில் இருக்கும், அதன்மேல் விழும் மேலடுக்கு (ஓவர்லே) என்னும் கூடுதல் விதிகள் இருக்காது. 1946-இலோ அதற்கு முன்போ கட்டிய பழைய மரவீட்டை இடித்துக் கட்ட நினைத்தால், பிரிஸ்பேனில் அந்த மேலடுக்குதான் உன் திட்டத்தைத் தடுக்கும்.

கிரேஸ்வில், செல்மர், ஃபேர்ஃபீல்ட் என்று ஆசைப்பட்டு எழுதியிருக்கிறாய். 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்தப் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. 2022 பிப்ரவரியில் நகரம் மறுபடியும் மூழ்கியது. அதைச் சொல்லச் சொல்லி ஃபார்ம் 2-இல் ஒரு கட்டம்கூட இல்லை. என் மனதுக்கு இது பெரிய குறை, இந்த ஊரில் முதல் கேள்வியே அதுவாக இருந்திருக்க வேண்டும். கவுன்சில் தளத்தில் 'ஃபிளட்வைஸ்' அறிக்கை இலவசம். அதில் மனையின் தாழ்ந்த மட்டமும் உயர்ந்த மட்டமும், தண்ணீர் வரக்கூடிய மட்டமும் மீட்டரில் இருக்கும். ஆறு மட்டும் அல்ல, ஓடை, மழைநீர் வழிந்தோடும் பாதை எல்லாம் பார். அந்த மட்டத்தை வீட்டுத் தரை மட்டத்தோடு ஒப்பிட வேண்டும், தேவைப்பட்டால் சர்வேயரை வைத்து அளந்துகொள். அதே முகவரிக்கு வெள்ளக் காப்பீடு எவ்வளவு என்று விலை கேள், அந்தத் தொகையே பாதி பதில். மீதியை ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேள்: "2011-இலும் 2022-இலும் இந்த வீட்டுக்குள்ளோ கீழ்த்தளத்திலோ தண்ணீர் வந்ததா, எத்தனை உயரம்?" வாய்ப்பேச்சாகப் பதில் வாங்காதே.

தனிப்பேரத்தில் வாங்கினால் 5 வேலைநாள் யோசிக்க அவகாசம் உண்டு. அதில் விலகினால் விலையில் 0.25 சதவீதம் வரை பிடிக்கலாம். 9 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,250 டாலர். ஏலத்தில் அந்த அவகாசம் இல்லை. ஏலத்துக்கும் ஃபார்ம் 2 உண்டு, ஆனால் சுத்தியல் விழுந்தபின் படித்துப் பயனில்லை. முன்கூட்டியே பதிவுசெய்து வாங்கிப் படி, கட்டட, பூச்சிச் சோதனைகளையும் ஏலத்துக்கு முன்பே முடித்துவிடு.

இப்போதைக்கு குளத்தின் சான்று, கடைசி ரேட்ஸ் பில், தண்ணீர் பில், வாடகை உயர்வுக் கடிதம் நான்கையும் ஸ்கேன் செய்து அனுப்பு. குழாய் வரைபடத்துக்கு நீயே விண்ணப்பித்து அதையும் சேர்த்துவிடு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். விஜியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்