மலேரியாவுக்குப் போர் விலக்கு பொருந்தாது: காப்பீட்டு நிறுவனத்துக்குப் புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், குழு மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு

பொருள்: போர்ட் சூடானில் பெற்ற சிகிச்சைக்கான க்ளைம் நிராகரிப்பு – மறுபரிசீலனை கோருதல்

ஐயா / அம்மையீர்,

சூடானில் பணிபுரியும் எங்கள் இந்திய ஊழியர்களுக்காக உங்களிடம் குழுக் காப்பீடு எடுத்திருக்கிறோம். அவர்களில் ஒருவரின் மலேரியா க்ளைமை, ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ போரால் விளைந்தது’ என்ற விலக்குப் பிரிவின்கீழ் நிராகரித்துள்ளீர்கள். போரால் கொசு ஒழிப்பு நின்றுபோனது, அதனால் காய்ச்சல் வந்தது என்கிறீர்கள். 2023 ஏப்ரல் 15-இல் போர் தொடங்குவதற்கு முன்பும் சூடானில் மலேரியா இருந்தது. ‘மறைமுகமாக’ என்ற சொல்லை இவ்வளவு தூரம் இழுத்தால் காலரா, பிரசவச் சிக்கல் எதற்குமே அங்கே காப்பீடு இல்லை என்றாகிவிடும். போர் நடப்பது தெரிந்துதான் பாலிசியைப் புதுப்பித்தீர்கள். அதற்காகக் கூடுதல் பிரீமியமும் வாங்கினீர்கள்.

முன் அனுமதி பெறவில்லை என்பது உங்கள் இரண்டாவது காரணம். உயிருக்கு ஆபத்தான வகையான பால்சிபாரம் மலேரியா முற்றினால் ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து ஊசியை உடனே போட வேண்டும். முதல் ஊசிக்கு 12 மணி நேரம் கழித்து ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று. நீங்கள் அனுமதி தர எடுத்துக்கொள்வதோ இரண்டு வேலை நாள். சூடானில் வெள்ளி, சனி விடுமுறை. உங்கள் அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு. வியாழன் இரவு சேர்க்கப்படுபவருக்குத் திங்கள்வரை பதில் வராது. உயிர்காக்கும் சிகிச்சைக்குச் சேர்ந்த பின் தகவல் தந்தால் போதும் என்று எழுத்தில் உறுதி தாருங்கள்.

கார்டு ரசீது கேட்கிறீர்கள். போரில் வங்கிக் கிளைகள் முடங்கிய பின் அங்கே பணம் பெரும்பாலும் பங்கக் என்ற வங்கிச் செயலி வழியாகத்தான் கைமாறுகிறது. மருத்துவமனை முத்திரையிட்ட பில், அதே தொகைக்கான செயலிப் பரிமாற்ற எண், ஆய்வக அறிக்கை மூன்றும் இணைத்திருக்கிறோம். இதற்கு மேல் ஆதாரம் கேட்பது கிடைக்காததைக் கேட்பதுதான்.

உங்களோடு ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளின் நெட்வொர்க் பட்டியலில் இன்னும் கார்டூம் மருத்துவமனைகளே இருக்கின்றன, அதையும் திருத்துங்கள். நோயாளியை அவசரமாக வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது ‘அருகிலுள்ள தகுந்த மருத்துவமனை’ என்று அந்தப் பட்டியலையே பார்த்தால், அவரைச் செங்கடல் கரையிலுள்ள போர்ட் சூடானிலிருந்து சாலை வழியே சுமார் 800 கி.மீ. உள்நாட்டுக்குள் அனுப்ப நேரும். செங்கடலுக்கு அக்கரையிலேயே சவூதியின் ஜித்தா நகரம் இருக்கிறது. அங்கே கொண்டுபோக சவூதி விசா, படுக்கை உறுதிக் கடிதம், பயணத் தகுதிச் சான்று, தரையிறங்கும் அனுமதி எல்லாம் வேண்டும். இவற்றை யார் எத்தனை மணி நேரத்தில் பெற்றுத் தருவார் என்பது பாலிசியில் எங்குமே இல்லை. 2025 மே மாத ட்ரோன் தாக்குதலில் போர்ட் சூடான் விமான நிலையமும் தப்பவில்லை. விமானம் பறக்காத நாளில் கப்பல் வழிச் செலவை ஏற்பீர்களா என்பதற்கும் பதில் வேண்டும்.

க்ளைம் தொகையை முழுமையாக வழங்கி, 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், பாதிக்கப்பட்ட ஊழியர் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) முறையிடுவார்.

இப்படிக்கு,
பணியாளர் நலப் பிரிவு

இணைப்பு: நிராகரிப்புக் கடிதம், பில், பரிமாற்ற விவரம், ரத்தப் பரிசோதனை அறிக்கை