அரசு நடுநிலைப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்துக்கு மிட்டாய், எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு அகராதி, குடிநீர்க் குழாய் பழுது என வழக்கமான வேலைகள் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பள்ளிக்கு வந்த ஸ்மார்ட் போர்டைப் பற்றி.

போர்டு வந்த அன்று எல்லோரும் கைதட்டினோம். சில வாரம் கழித்து ஒரு மதியம் ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இதயம் துடிப்பதை டீச்சர் படமாகப் போட்டார். மேற்கு ஜன்னல் வெயில் நேராகப் போர்டில் விழுந்ததால், கடைசி வரிசைப் பிள்ளைகள் கையைக் குவித்துக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். அதற்குள் வயல்களில் மோட்டார் போட்டுவிட்டார்கள் போல, வோல்டேஜ் இறங்கி போர்டு அணைந்தது. திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. டீச்சர் சாக்பீஸை எடுத்து இதயத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடத்தை முடித்தார்.

அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசினோம். தையல் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் மறுநாளே ஜன்னலை அளந்து, கறுப்புத் துணியை இரட்டையாக மடித்துத் திரை தைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். உறுப்பினர்கள் நன்கொடையில் பட்டுக்கோட்டையிலிருந்து இன்வெர்ட்டர் வாங்கிப் பொருத்தினோம். இப்போது பாடம் பாதியில் நிற்பதில்லை.

சரி, வகுப்பறை இப்படி. வீடு? 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்தே, போனில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும் கியூஆர் கோடு பாடங்களில் இருக்கிறது. இப்போது பள்ளிக் கல்வித் துறையின் பாட வீடியோக்கள் உள்ள மணற்கேணி செயலியும் இருக்கிறது. ஆனால் நாங்கள் போய்க் கேட்ட வீடுகளில் பெரும்பாலும் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு காலையில் கிளம்பிவிடும். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அறிவியல் புத்தகத்தில் கியூஆர் கோடு உள்ள பக்கங்களில் ஈர்க்குச்சி வைத்திருந்தாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு வர இரவு ஒன்பதாகும். வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும், இல்லையென்றால் இவள் தூங்கியிருப்பாள். அந்தப் புத்தகத்தில் ஏழு குச்சிகள் இருந்தன.

அதனால்தான் சங்கக் கட்டடத்தில் மாலை ஆறு முதல் ஏழரை வரை படிப்பறை தொடங்கினோம். உறுப்பினர்கள் தாங்கள் பயன்படுத்திய ஐந்து போன்களைத் தந்தார்கள். இணைய இணைப்புக்குப் பணம் கட்டினோம். சில நாளில் கேபிள் அறுந்தது. எத்தனை முறை புகார் சொல்லியும் அந்த நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. பிறகு என் வீட்டிலேயே பாடங்களைப் பதிவிறக்கி எடுத்து வந்தோம். உண்மையில் அதுவே நல்லதாயிற்று: விளம்பரம் இல்லை, வேறு வீடியோவுக்குத் தாவ வழியும் இல்லை.

படிப்பறையைப் பார்த்துக்கொள்பவர், கொரோனா கால இழப்பை ஈடுகட்ட அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்பில் தன்னார்வலராக இருந்த நம் ஊர்ப் பெண். கணக்கை முதலில் நோட்டில் போட வேண்டும், வராவிட்டால்தான் போன் என்பது அவர் வைத்த விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி. திரை மட்டும் போதாது என்று கொரோனாவில் பார்த்தோமே: 2020 மார்ச்சில் பள்ளி மூடி, கீழ் வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தானே திறந்தன? கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அவர்கள்தான் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள். அவர்களில் சிலர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். படிப்பறையில் அவர்களுக்குப் போன் கொடுப்பதில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்கிறார்.

எட்டாம் வகுப்புப் பையன்கள் படிப்பறைக்கு அதிகம் வருவதில்லை. அது எங்கள் குறை, சரிசெய்ய வேண்டும். பெண் பிள்ளைகள் திரும்பும் தெருவில் விளக்கு எரியவில்லை என்று ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை உறுப்பினர்கள் முறை வைத்து வீடுவரை கொண்டுபோய் விடுகிறார்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் போன் இருந்தால் சார்ஜரோடு தாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்